அபி சொன்ன "வேணாம்"

பதினான்கு வயதில் வளர்ப்புப் பிள்ளையாக எங்கள் மணமேல்குடி வீட்டுக்கு வந்த அபி, எதைச் சொன்னாலும் "சரிங்கத்தை" என்பாள். அதற்குமுன் இரண்டு வீடுகளிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்குப் புதுக்கோட்டையில் ஒரு நர்ஸ் வகுப்பு எடுத்தார். உடல் மாற்றம், காதல், பாதுகாப்பு, சம்மதம் எல்லாம் பேசினாராம். அபி அதை முடித்து வந்ததும் சாயங்கால பஸ்ஸில் இருவரும் திரும்பினோம். தென்னந்தோப்புகள் மங்கிய வெளிச்சத்தில் மிதந்து போயின. சன்னலோரம் அரைத் தூக்கத்தில் இருந்தவளின் தோளில் வழக்கம்போல் கை போட்டேன்.

"அத்தை, ஒண்ணு சொன்னா என்னயத் திருப்பி அனுப்பிருவீங்களா?"

"மாட்டேன், சொல்லு."

"கேக்காம மேல கை போடாதீங்க. எனக்குப் பிடிக்கல. யாரா இருந்தாலும் வேணாம்னு சொல்லலாம்னு நர்சக்கா சொன்னாங்க."

சுருக்கென்றது. பாசத்தில்தானே போட்டேன் என்று வாய்வரை வந்தது. ஆனால் அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தேன். என்னிடமே சொல்ல முடிந்தவள் நாளை எவனிடமும் சொல்வாள். கையை எடுத்துக்கொண்டேன்.

"சரி தாயி. இனிமே கேட்டுக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் கடல் காற்று வீச, அவள் அயர்ந்து தூங்கிப்போனாள். எதற்கும் சரி சொன்னவள் வேணாம் என்றது எனக்குக் கனவு போல இருந்தது. சொந்த வீடு என்று நம்பினால்தானே பிள்ளைகள் மறுத்துப் பேசுவார்கள்.