கழற்றாத பூட்ஸ்

உப்பளத்தில் ரப்பர் பூட்ஸ் கேட்டு ஒன்பது நாள் நாங்கள் வேலைக்குப் போகவில்லை. கடைசியில் பூட்ஸ் வந்தது. எங்கள் போராட்டத்தைப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு தம்பியும் காமிராக்காரரோடு வந்தார்.

“அக்கா, பூட்ஸைக் கழட்டிட்டு உப்புல நடங்க. அப்பதான் உங்க கஷ்டம் தெரியும்” என்றார்.

பக்கத்தில் நின்ற கூட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். “ஏளா, கழட்டிராத. மொதலாளி படத்தப் பாத்தா, வெறுங்காலே போதும்னு பூட்ஸத் திரும்ப வாங்கிருவாவ.”

அவள் சொன்னது சரி. “நீங்க கழட்டிட்டு நடங்க தம்பி” என்றேன்.

நடந்தார். காலில் பித்தவெடிப்பு இருந்திருக்கிறது. பத்தாவது அடியில் அம்மா என்று கத்தினார். காமிராக்காரர் அதையும் எடுத்துவிட்டார்.

பிறகு படம் போட்டுக் காட்டினார்கள். கஷ்டம் நன்றாகத் தெரிந்தது. எங்கள் காலில் பூட்ஸும் தெரிந்தது.