சுருதி சேர்த்ததற்குக் கைதட்டினோம்

1991 செப்டம்பர் மாதத்தின் கடைசி வேலை நாள், திங்கட்கிழமை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், மின்சார மோட்டார் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். தொழிலாளர் மனமகிழ் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். யாராவது ஓய்வு பெற்றால் கேன்டீனில் பாராட்டு விழா நடத்துவது என் பொறுப்பு. முதல் ஷிப்ட் முடிய நாற்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது உற்பத்தி லைனை நிறுத்துவார்கள். மூன்றரைக்குச் சங்கு ஊதும், மூன்றே முக்காலுக்குக் கம்பெனி பஸ்கள் புறப்பட்டுவிடும். அதற்குள் கடவுள் வாழ்த்து முதல் நன்றியுரை வரை எல்லாம் முடிய வேண்டும். அதுவரை பதினொரு விழாக்கள் நடத்தியிருந்தேன். ஒன்றுகூடச் சங்கைத் தாண்டியதில்லை.

அன்று ஓய்வு பெற்றவர் வைண்டிங் பிரிவில் இருந்தவர். மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் சுற்றுவதில் அவருக்கு நிகர் கிடையாது. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் அழைப்போம். பத்தொன்பது வருடத்தில் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. பாராட்டு மடல் எழுதுவதற்காக அவருடைய கோப்பை எடுத்தேன். வேலைக்கு அவர் போட்ட விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில் 'கிதார் வாசித்தல், ஒன்பது ஆண்டுகள்' என்று எழுதியிருந்தார். சுருள் சுற்றுகிறவர் கிதாரைப் பற்றி ஏன் எழுதினார் என்று புரியாமல் அவரிடமே போய்க் கேட்டேன்.

ஒரு வாரம், தினமும் டீ நேரத்தில் பத்துப் பத்து நிமிடமாகச் சொன்னார். பெரம்பூரில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பு மெட்ராஸில் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தார்களாம். ஹோட்டல்கள், கல்லூரி விழாக்கள், பெங்களூர், கல்கத்தா என்று சுற்றியிருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ரயிலில் போனதைச் சொல்லும்போது அவர் முகம் இளமையானது போல எனக்குத் தோன்றியது. வெளிநாட்டு கிதார் வாங்க வசதியில்லாமல் தேக்குப் பலகையில் தானே ஒன்று செய்துகொண்டாராம். மின்சார கிதாரில் நரம்புகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய கம்பிச் சுருளும் இருக்க வேண்டும். அந்தச் சுருளைக் கையால் சுற்றிப் பழகியதுதான் பிறகு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. குழுவில் ஒருவர் இறந்தார், மற்ற இருவர் வெளிநாடு போனார்கள். இவர் மனைவியின் ஊரான பிள்ளைப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார். எங்கள் ஆட்கள் ஒருவரிடமும் இதையெல்லாம் சொன்னதில்லை.

விழாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “சால்வ, கடியாரம்லாம் வேணாம் சார். ஒரு பத்து நிமிசம் வாசிக்க வுடுங்க. நம்ம ஆளுங்க ஒரு தபா கேட்டாங்கன்னா போதும்.”

நிகழ்ச்சி நிரலில் மூன்று பதினைந்து முதல் மூன்று இருபத்தைந்து வரை அவருக்கு ஒதுக்கினேன்.

விழாவில் மேலாளர் ஆறு நிமிடம் கூடுதலாகப் பேசினார். என் பாராட்டு மடலும் நீளம்தான். மாஸ்டர் வேலையில் சேர்ந்த நாள், நிரந்தரமான நாள், ஒவ்வொரு பதவி உயர்வின் நாள் என்று எதையும் விடாமல் எழுதியிருந்தேன். மாஸ்டர் கையில் மைக் வரும்போது மணி மூன்று இருபது. அவர் அதைக் கீழே வைத்தார். தான் செய்த அந்தத் தேக்கு கிதாரின் ஒயரை மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டு, மாலையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் 'கிர்' என்று ஒரு இரைச்சல். பிறகு ஒவ்வொரு நரம்பாகத் தட்டினார். காதைச் சாய்த்தார், மேலே இருந்த திருகைத் திருப்பினார், மறுபடி தட்டினார். நடுநடுவே நரம்பை லேசாகத் தொட்டபோது சின்ன மணி அடித்தது போல ஓசை வந்தது. இருநூறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். எங்களில் யாரும் அதற்கு முன்பு இந்த வாத்தியத்தை நேரில் பார்த்ததில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இருபத்தைந்துக்கு அவர் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். யாரோ கைதட்டினார்கள். கேன்டீன் முழுவதும் கைதட்டியது. நான் மைக்கை எடுத்து, இனிய இசை விருந்து அளித்த மாஸ்டருக்கு என்று ஆரம்பித்து நன்றியுரையை முடித்தேன். அவர் வலது கை நரம்புகளின் மேல் உயர்ந்து நின்றது. அதை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். சங்கு ஊதியது. பன்னிரண்டாவது விழாவையும் நேரத்தில் முடித்த திருப்தி எனக்கு.

ஓய்வு பெறுகிறவரை மாலையோடு வேனில் வீடு வரை கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். பதினான்கு பேர் கிளம்பினோம். வைண்டிங் பிரிவில் வல்லக்கோட்டையிலிருந்து வரும் பெண் ஒருவர், வாயாடி, மாஸ்டர் நன்றாக வாசித்தார் என்று பாராட்டிவிட்டு, ஆனால் அது என்ன பாட்டு என்றுதான் தெரியவில்லை என்றார்.

மாஸ்டர் சிரித்துவிட்டார். “பாட்டா? இன்னாமா நீ. அது சுருதி சேத்தது. காலைல புது நரம்பு போட்டேன், எறங்கிக்கினே இருந்துது. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர், அந்த இரைச்சலில் காது மந்தமாகிப் போனவர், எப்போதும் கத்தித்தான் பேசுவார். அவருக்கு விஷயம் புரிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்போ சார்தான் மைக்கப் புடுங்கிட்டாரா?” என்றார்.

“வுடுப்பா,” என்றார் மாஸ்டர். “பஸ்ஸு பூடுமேன்னு சாருக்குக் கவல. உங்களுக்காகத்தான.”

என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை நிமிர விடவில்லை. அவர் கேட்டது பத்து நிமிடம். அதில் பாதியையாவது கொடுத்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன்.

பிள்ளைப்பாக்கத்தில் அவர் மனைவி ஆரத்தி எடுத்தார். கேசரி கொடுத்தார்கள். அதை வாயில் வைக்காமல் நான் மாஸ்டர் எதிரில் போய் நின்று, தப்பு நடந்துவிட்டது மாஸ்டர், இப்போது வாசியுங்கள் என்றேன். அவர் மேலே நின்றிருந்த மின்விசிறியைக் காட்டினார். மதியத்திலிருந்து மின்சாரம் இல்லை. லைன் வேலை நடப்பதால் இருட்டிய பிறகுதான் வருமாம். வேனை ஐந்து மணிக்கு நான் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

“கரண்ட்டு இல்லாம இது வெறும் கட்ட சார். பக்கத்துல ஒக்காந்தாகூட கேக்காது.”

“அப்போ இன்னும் பக்கத்துல ஒக்கார்றோம்,” என்றார் வல்லக்கோட்டைப் பெண்.

செருப்புகளை வாசலில் விட்டுவிட்டு அத்தனை பேரும் அந்தச் சின்ன அறைக்குள் போய் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். மாஸ்டரின் மனைவி காபிக்குப் பற்ற வைத்திருந்த பம்ப் ஸ்டவ்வின் இரைச்சலைக் கேட்டு, அதை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார். மாஸ்டர் மாலையைக் கழற்றினார். கிதாரின் தலைப்பக்கத்தை மர பீரோவின் கதவோடு ஒட்டி வைத்துக்கொண்டார். ஏன் என்று வாசித்தபோது தெரிந்தது. நரம்பின் அதிர்வு பீரோவுக்குள் இறங்கி, பீரோ முனகத் தொடங்கியது.

நாள் முழுவதும் இயந்திரத்துக்கு மேலே கத்திப் பேசுகிறவர்கள் நாங்கள். அன்று மூச்சையும் அளந்து விட்டோம். தூரத்தில் யாரோ நடந்து வருவது போலத் தொடங்கி, பிறகு ஓடி, மறுபடி நடைக்கு வந்தது அந்த இசை. ராக் என்றால் காது கிழியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் கேட்ட ராக், குழந்தை தூங்கும் வீட்டில் பேசுகிற குரலில் இருந்தது. பிரஸ் ஷாப்காரருக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த மாஸ்டர் வாசிப்பதை நிறுத்தாமல் பீரோவைக் கண்ணால் காட்டினார். பிரஸ் ஷாப்காரர் எழுந்து போய் இரண்டு உள்ளங்கைகளையும் பீரோக் கதவில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் நெற்றியையும் வைத்துக்கொண்டார்.

முடிந்தபோது யாருக்கும் கைதட்டத் தைரியம் வரவில்லை. ஒரு தடவை ஏமாந்தவர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாஸ்டரைப் பார்த்தேன்.

“இப்பத் தட்டலாம் சார்,” என்றார்.

வேனை ஐந்து ஐம்பதுக்குத்தான் திருப்பி ஒப்படைத்தேன், அதற்கு விளக்கமும் எழுதிக் கொடுத்தேன். மாஸ்டர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குப் பாராட்டு விழா நடத்திவிட்டேன். இன்றும் நன்றி சொல்ல எழுந்திருக்கும் முன், எதிரில் இருப்பவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டாரா, இல்லை இப்போதுதான் தொடங்கப் போகிறாரா என்று அவர் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.