ஜன்னத் கேட்ட மூச்சு

போடியிலிருந்து குரங்கணிக்கு வேன் ஓட்டுகிறவர்களில் ஜன்னத் ஒருத்திதான் பெண். வேன் அவள் கணவர் கலீபுல்லாவுடையது. சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்தபோது வேனை விற்றுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். "நான் ஓட்டுறேன்" என்றாள் ஜன்னத். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். லைசென்ஸ் எடுத்து, தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு அவள் மலைப்பாதையில் முதல் வளைவு திரும்பிய அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

அவளுக்கு ஓட்டத் தெரியும், வண்டியைத் தெரியாது. சாவியைத் திருப்பினால் கிளம்பும், பெட்ரோல் தீர்ந்தால் நிற்கும். பானெட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் மெக்கானிக் சின்ராசுவின் சோலி என்று விட்டிருந்தாள்.

போன மழைக்காலம் முடிந்த சமயம் அது. குரங்கணியில் பெண்களை இறக்கிவிட்டு, திரும்பிப் போக ஆள் சேரட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். வேன் குளிர்காய்ச்சல் வந்தது போல நடுங்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தாள். நடுக்கம் அடங்கி, மின்னுவதும் நின்றது. காலை எடுத்தாள். மறுபடியும் அதே ஆட்டம்.

சின்ராசுவுக்குப் போன் போட்டாள்.

"லைட்டு சும்மா எரியுதாக்கா, மின்னுதா?"

"மின்னுது தம்பி."

"அப்ப ஓட்டாதீங்க. மொதல்ல ஆஃப் பண்ணுங்க. எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்குது. எரியாத பெட்ரோலு சைலன்சருக்குப் போனா உள்ள எல்லாம் வெந்துரும். நான் வெரசா வர்றேன்."

பைக்கில் வந்து இறங்கியவன் பானெட்டைத் திறந்தான். கையளவு ஸ்கேனரை மாட்டி, வேனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். இந்த எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர். மூன்றாவதுதான் சரியாக எரியவில்லை என்று ஸ்கேனர் காட்டியது. எஞ்சினை நிறுத்தி, அதன் மேலிருந்த, பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் காயிலைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் மாட்டினான். பக்கத்துக் காயில் இங்கே வந்தது. திரும்ப ஓட்டினால் அப்போதும் மூன்றாவதுதான். பிளக்கையும் அப்படியே மாற்றிப் பார்த்தான். குறை இடம் நகரவில்லை.

"நெருப்புல குத்தமில்லக்கா. காத்துலதான் இருக்கு."

"காத்தா?"

"எஞ்சின் காத்து இழுக்கும்ல? எவ்வளவு இழுக்குதுன்னு கணக்குப் பார்த்துத்தான் பெட்ரோலு விடும். கணக்குல வராத காத்து எங்கயோ உள்ள போகுது. வேகமா ஓடுறப்போ அது பெருசாத் தெரியாது. ஐட்லிங்ல, சும்மா நின்னு ஓடுறப்போ, இழுக்குறதே கொஞ்சம். அதான் தடுமாறுது."

பையிலிருந்து ஒரு முழ நீள ரப்பர் டியூபை எடுத்து அவளிடம் நீட்டினான். "நான் உள்ள உக்காந்து ஸ்கேனரைப் பார்க்குறேன். நீங்க ஒரு முனையைக் காதுல வச்சுக்கங்க. மறு முனையை அந்தக் கறுப்புக் குழாய்ங்க பக்கமா மெதுவா நகத்துங்க. உஸ்ஸுன்னு கேட்டாச் சொல்லுங்க. பெல்ட்டுப் பக்கம் மட்டும் கை போயிரக் கூடாது."

ஜன்னத் முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். முதலில் வெறும் இரைச்சல். டியூபை நகர்த்த நகர்த்த, இரைச்சல் தனித்தனிச் சத்தங்களாகப் பிரிந்தது. ஓரிடத்தில் டிக் டிக்கென்று தையல் மிஷின் ஊசி போல. "அது பெட்ரோலு பீச்சுறது" என்றான் சின்ராசு. இன்னோரிடத்தில் அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு முனகல். இத்தனை வருடம் ஒற்றை உறுமலாகக் கேட்டதற்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது.

மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில் கை நின்றது. யாரோ பல்லிடுக்கால் காற்றை உள்ளே இழுப்பது போல, விடாமல் ஒரு சத்தம்.

"தம்பி, இங்க! மூச்சு வாங்குது!"

சின்ராசு இறங்கி வந்து அந்த இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டான். தண்ணீர் வழியவில்லை, குழாய் அதை உறிஞ்சிக்கொண்டது. ஒரு நொடி எஞ்சின் அடங்கி நிதானமாக ஓடியது. மறுபடி நடுங்கியது. குழாயின் முனையில், கிளிப்புக்குக் கீழே, முடி போல ஒரு வெடிப்பு.

அவன் முகம் மாறியது. "அக்கா, பிரேக்கு கெட்டியா இருந்துச்சா?"

"ரெண்டு நாளா. காலுதான் வலுவில்லாமப் போச்சுன்னு நெனச்சேன்."

"இது பிரேக்குக்குப் போற குழாய்."

காலையில் சுருளியம்மாளும் மற்றத் தோட்டப் பெண்களும் ஜன்னத்துக்குப் பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டு வந்த வளைவுகள் கண்முன் வந்தன.

வெடித்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, மீதிக் குழாயை இழுத்துச் செருகிக் கிளிப்பை முறுக்கினான் சின்ராசு. நீளம் போதுமானதாக இருந்தது. போடி போனதும் புதிய குழாய் போட்டுவிட வேண்டும் என்றான். ஸ்கேனரில் பதிவாகியிருந்த குறையை அழித்தான்.

"இப்ப எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிங்க. கெட்டியாயிருச்சா? காலை எடுக்காதீங்க. அப்படியே ஸ்டார்ட் பண்ணுங்க."

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்த அதே கணம், கல்லாக நின்ற பிரேக் அவள் காலோடு சேர்ந்து மெல்லக் கீழே இறங்கியது. அவள் அழுத்தவே இல்லை. உள்ளிருந்து ஏதோ ஒன்று அவள் பாதத்தைப் பிடித்து இழுத்தது.

"யா அல்லாஹ்! யாரு இழுக்குறது?"

"எஞ்சின்தான். அது இழுக்குற மூச்சுதான் உங்க காலுக்குப் பலம் குடுக்குது. நீங்க பாதி மிதிக்கிறீங்க, மீதியை அது மிதிக்குது."

இறக்கத்தில் இத்தனை பேரோடு கனத்த வண்டியைத் தன் ஒரு கால்தான் நிறுத்துகிறது என்று நினைத்திருந்தாள். அந்தப் பெருமையும் அவளுக்கு இருந்தது. தெரியாமலேயே கூட ஒரு துணை இருந்திருக்கிறது. விளக்கு மின்னவில்லை. எஞ்சின் நூல் பிடித்தாற்போல ஓடியது. அவள் ஆஃப் பண்ணி, மறுபடி மிதித்து, மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடியும் பாதம் இறங்கியது. சின்ராசு சாமான்களைப் பைக்குள் வைத்து முடிக்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

"போதும்க்கா, பேட்டரி போயிரும்" என்று சிரித்தான்.

அன்று மாலையே போடியில் புதிய குழாய் மாட்டியாயிற்று. வீட்டில் கலீபுல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் பதினெட்டு வருசம் ஓட்டியிருக்கேன் புள்ள, இது தெரியாது" என்றார் அவர். பிறகு, அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறுநாள் விடியலில் பெண்கள் வந்தபோது வேன் ஓடிக்கொண்டிருந்தது, பானெட் திறந்திருந்தது. ஜன்னத் அதன்முன் நின்றிருந்தாள்.

"ஏத்தா, இன்னும் சரியாகலையா?" என்றாள் சுருளியம்மாள்.

"சரியாயிருச்சுக்கா. சும்மா பார்க்குறேன். இங்க வாங்களேன், ஒண்ணு காட்டுறேன்."

ஒவ்வொருத்தியாக வந்து குனிந்தார்கள். வேன் அன்று தாமதமாகத்தான் கிளம்பியது.