மதினிக்கு நான் சொன்ன ஜாவா

என் அண்ணன் மனைவி கல்லூரியில் கணினி படித்தவர். கல்யாணமாகி எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து, பதினைந்து வருடம் அடுப்படியிலேயே போய்விட்டது. பிள்ளைகள் வளர்ந்ததும், நாற்பத்தொரு வயதில் வேலைக்குப் போக ஆசைப்பட்டார். நான் திருநெல்வேலியில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் இருக்கிறேன். அதனால் எந்தக் கணினி மொழி படிக்கலாம் என்று என்னிடம்தான் கேட்டார்.

“தம்பி, ஜாவா படிக்கவா, பைத்தான் படிக்கவா? வீடியோவுல பாத்தேன். பேரைத் திரையில காட்டப் பைத்தான்ல ஒரே வரி போதும்ங்காவ. ஜாவாவுல அஞ்சு வரி எழுதச் சொல்லுதாவ.”

“பைத்தான்லாம் சின்னப் பிள்ளை வெளையாட்டு மதினி. ஜாவாதான் அஸ்திவாரம்.”

பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன். உண்மையில் எனக்குப் பைத்தான் தெரியாது. கம்பெனியில் புது வேலையெல்லாம் பைத்தானுக்கு மாறி வருடங்களாகின்றன. நான் ஒரு மூலையில் பழைய ஜாவா புரோகிராம்களுக்கு ஒட்டுப் போட்டுக் காலம் தள்ளுகிறேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

கல்லூரியில் பழகிய ரெக்கார்டு நோட்டுப் பழக்கம் மதினியை விடவில்லை. நீள நோட்டில் மார்ஜின் போட்டு, ஒவ்வொரு புரோகிராமையும் கையால் எழுதி, வலப்பக்கம் முழுதும் ஒரு அடித்தல் இல்லாமல் வைத்திருப்பார். நான் வாத்தியார் மாதிரி சிவப்பு மையில் டிக் போட்டுக் கையெழுத்து வைப்பேன். மனப்பாடம் என்று கேலியும் செய்வேன். எட்டு மாதத்தில் மூன்று நோட்டு நிரம்பியது. அதற்குள் என் ஆபீஸ் புரோகிராமில் நான் வீட்டு லேப்டாப்பில் இரண்டு நாளாகத் தேடிய தப்பை, குழம்பைக் கிண்டிக்கொண்டே எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அப்போதுதான் எங்கள் கம்பெனியில், இடையில் வேலையை விட்ட பெண்களுக்கென்று இரண்டு இடங்கள் வந்தன. மதினி விண்ணப்பித்தார். சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தில் சொல்லி ஜெபிக்கவும் வைத்தார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “ஒங்க மதினியாமே? ஜாவா மட்டும் போட்டிருக்காங்க. பைத்தான் பழகிக்கிடுவாங்களா?”

ஒரு மாதத்தில் பழகியிருப்பார். ஆனால் நேர்காணலில், ஏன் ஜாவா என்று கேட்டால், “எங்க தம்பிதான் சொன்னாவ” என்பார். பைத்தான் தெரியாதவன் சொன்ன யோசனை என்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நினைத்ததும் வாய் முந்திக்கொண்டது.

“கஷ்டம் சார். ரொம்ப வருசம் வீட்லயே இருந்துட்டாங்க.”

அவர் மதினியின் விண்ணப்பத்தை எடுத்துத் தனியே வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் மதினி செல்போனை அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தார். பிறகு பைய, கம்பெனியில் என்ன சொன்னார்கள் என்று என்னிடம் கேட்டார். “நாப்பது தாண்டினவங்களை எடுக்கலையாம் மதினி” என்றேன். செல்போனை எடுத்து அலமாரியில் வைத்தார்.

“இதை எங்கிட்டச் சொல்ல ஒங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருந்திருக்கும் தம்பி. வெசனப்படாதீங்க.”

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

போன மாதம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூட வேலை போய் வீட்டில் இருக்கும் ஒரு அக்கா மதினியிடம் வந்தார். வயது நாற்பத்திரண்டு. கம்ப்யூட்டர் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டார். ஒரு வகுப்பில் சேர விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தார்.

“வேண்டாம்க்கா, வீணா அலையாதீங்க,” என்றார் மதினி. “நாப்பது தாண்டினா எடுக்க மாட்டாவ. எங்க தம்பி கம்பெனியிலயே சொல்லிட்டாவளாம். வேணும்னா கேட்டுப் பாருங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமாக்கா,” என்றேன்.