எங்கள் ஏற்றத்தில் ஏறுமா?

பெல்மதுளைப் பக்கத்தில் பஸ் போகும் வீதியிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. என் எட்டில் அளந்தது. முதல் தொண்ணூறு எட்டு தார். அதற்கு மேல் சக்கரம் ஓடுவதற்கு மட்டும் இரண்டு கொங்கிரீட் பட்டி, நடுவில் புல். நூற்று நாற்பதாவது எட்டில் ஒரு மதகு, மதகோடு ஒட்டி இடப்பக்கமாக வளைவு. ஏற்றம் அதிகமான இடம் அதுதான். ரப்பர் மரங்கள் கவிந்திருப்பதால் அங்கே வெயில் விழாது. வருடத்தில் பாதி நாள் பட்டி பாசி பிடித்துப் பச்சையாகவே கிடக்கும்.

இந்த எண்களையெல்லாம் நான் அளந்தது என் கணவரின் முழங்காலுக்காக. பசாரில் எங்களுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. அங்கே இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று சரிந்து அவருடைய இடது முழங்காலில் விழுந்தது. இரண்டு ஒப்பரேஷனுக்குப் பிறகு கால் நின்றது, ஆனால் மடங்கவில்லை. இனி ஏற்றம் ஏறக் கூடாது என்று எலும்பு டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டோ மதகு வரை வரும், அதற்கு மேல் முக்கும். மிச்சமுள்ள எழுபத்திரண்டு எட்டையும் அவர் கைத்தடியோடு ஏறி முடிக்கும்போது சட்டை முழுக்க நனைந்திருக்கும்.

ஆகவே இரண்டு வழிதான் இருந்தது. வாசல் வரை வரக்கூடிய ஒரு வண்டி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு பசாரில் கடைக்குப் பின்னால் வாடகைக்குப் போக வேண்டும். இரண்டாவதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் கீழே தோட்டத் தொழிலாளர்களின் லய வரிசை தெரியும். அவர் பிறந்தது அங்கே, நான்காவது காம்பராவில். அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் பெயரில் எழுதப்பட்ட காணி இந்த மேடுதான். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். எனக்கு எட்டுக் கணக்கு விளங்கும். அவருக்கு அந்தக் காணி உறுதிப் பத்திரம்தான் கணக்கு.

இடது கால் மடங்காததால் கிளச் மிதிக்க முடியாது. ஓட்டோமெட்டிக்தான் வேண்டும். கார் என்றால் சீட் தாழ்வு, உட்காரும்போது முழங்கால் மடங்க வேண்டும். டபிள் கெப் பிக்கப் என்றால் உயரம், காலைத் தூக்க முடியாது. குருவிட்டயில் ஒரு மாணிக்கக் கல் முதலாளி தன் ஜீப்பை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு இவர் போய் அதில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பழைய ஜீப் இல்லை, ஜப்பானில் ஓடி இங்கே வந்த சொகுசு வண்டி. வீட்டுக்கு வந்து, "எனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. கால அப்படியே நீட்டிக்கலாம்" என்றார்.

"ஏறுமா?" என்று கேட்டேன்.

"அந்த வெலைக்கு ஏறாம?"

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. புதிய சீஆர் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். பிடிப்பு, ஒப்ஷன், பெறுமதி என்று மூன்று நிரல். அதே வண்டியை வைத்திருப்பவர்களைக் கேட்டு எழுதிவிட்டு, பிறகு முடிவெடுப்போம் என்றேன். அவர் சிரித்தார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

முதலில் விற்கப்போகிற முதலாளியிடமே போனோம். சிங்களவர். பசார்த் தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் வீடும் மேட்டில்தான், எங்களுடையதைவிடச் செங்குத்து. வண்டி போர்ட்டிகோவில் வீதியைப் பார்த்தபடி நின்றது.

"டீச்சர் நோனா, இது புலி. மழையா, சேறா, ஒண்ணும் இல்ல. நம்ம ஏத்தம் பாத்தீங்கதானே? நாலு வருஷம். ஒரு நாள் சறுக்கினது இல்ல."

"ஃபோர் வீல்தானே?"

"ஃபோர் வீல்! ஃபுல் ஒப்ஷன்!"

பின்னால் போய்ப் பார்த்தேன். ஃபோர் வீல் என்று எழுத்து எதுவும் இல்லை. பொலிஷ் போடும்போது கழன்று விழுந்திருக்கும் என்றார். ஃபுல் ஒப்ஷன் என்றால் என்னென்ன என்று கேட்டேன். விரல் மடக்கினார். கூரையில் திறக்கும் கண்ணாடி, தோல் சீட், பின்னால் கெமரா, சீட்டைச் சூடாக்கும் பொத்தான்.

"குருவிட்டயில சீட்ட சூடாக்கி என்ன செய்றது முதலாளி?"

"அதுதானே நோனா ஒப்ஷன். தேவையில்லாததும் இருந்தாத்தான் ஃபுல்."

சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னது. என்ன சொல்கிறது என்று கேட்டேன். "ஆயுபோவன், வணக்கம் சொல்றாங்க" என்றார் நம்பிக்கையாக. பிடிப்பு வந்துவிட்டது என்று காட்டுவதற்கும் ஒரு லைட் இருக்கிறதாம். மஞ்சள் நிறம். ஒரு கார், அதன் கீழே இரண்டு பாம்பு நெளிந்த மாதிரி படம். "அது மின்னினா டயர் ரோட்ட கடிக்குதுன்னு அர்த்தம்" என்றார். அவருடைய டிரைவர், எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆள்தான், அப்போது முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிடிப்பைப் பற்றி நான் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் ஒரே இடத்தையே துடைத்தார். அதையும் கொப்பியின் ஓரத்தில் குறித்தேன். ஏன் குறித்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

இரண்டாவது ஆள் அந்த எலும்பு டொக்டர். இரத்தினபுரியில் அவருடைய கிளினிக் வாசலில் அதே வண்டி நிற்கும். பின்னால் ஃபோர் வீல் என்ற எழுத்தும் தெளிவாக இருந்தது. முழங்காலைக் காட்டிவிட்டு எழும்பும்போது வண்டியைப் பற்றிக் கேட்டேன்.

"வாங்காதீங்க" என்றார். "கலவான ரோட்டுல குடும்பத்தோட ரோட்டோரக் கானுக்குள்ள போயிட்டேன். டிராக்டர் வச்சு இழுத்தாங்க. இத்தனைக்கும் நாலு சக்கரமும் இழுக்குது. டயர் கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு, அது வேற."

அந்த மஞ்சள் லைட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தப் பாம்பா? அது ஃபோல்ட். மூணு தடவ கராஜுக்கு அனுப்பிட்டேன். இன்னமும் மின்னுது."

மூன்றாவது ஆள் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிற தோட்டத்தை நடத்துகிற தொரை. பரிசளிப்பு விழாவுக்கு வந்தவரிடம் தேநீர்க் கோப்பையோடு நின்று கேட்டேன். அருமையான வண்டி, வாங்கிய விலையைவிட இப்போது விலை கூட என்றார். வண்டி பழசாகப் பழசாக விலை ஏறுவது எனக்கு விளங்கவில்லை. இனிப் புதிய வண்டி யாரால் வாங்க முடியும் என்று கேட்டார். அதுவும் சரிதான்.

"தோட்டத்து ரோட்டுல எப்படி சேர்?"

"தோட்டத்துக்குள்ளயா? சீச்சீ. அது கொழும்புக்கு. இங்க பழைய ஜீப்தான்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொப்பியை என் கணவரிடம் நீட்டினேன். ஒரே வண்டி. ஒருவருக்குப் புலி, ஒருவர் கானுக்குள் விழுந்தவர், ஒருவர் ஏற்றத்துக்குக் கொண்டு போனதே இல்லை. ஒரே லைட், ஒருவருக்குப் பிடிப்பு, ஒருவருக்குப் பழுது. பெறுமதி நிரலில் மூவரும் சொன்ன விலைகள் ஒன்றுக்கொன்று கிட்டவும் வரவில்லை. அவர் வாசித்துவிட்டு, "டீச்சர், மூணு பிள்ளைங்க மூணு விடை எழுதியிருக்கு. யாருக்கு மார்க் போடப் போற?" என்றார்.

"மழ பெய்ற நாள்ல வண்டிய இங்க கொண்டு வரச் சொல்லுங்க. நம்ம ஏத்தம் மார்க் போடட்டும்."

சனிக்கிழமை பகல் மூன்று பத்துக்கு, நல்ல மழைக்குப் பின் வரும் தூற்றலில், முதலாளியும் டிரைவரும் வந்தார்கள். நான் குடையோடு மதகில் நின்றேன். வண்டி தார் முடிகிற இடத்தில் நின்றது. டிரைவர் இறங்கி, "நான் ஒரு தடவ ஏத்திக் காட்டுறேனே" என்றார். முதலாளி கையசைத்தார். "நீ நில்லு. வாங்குறவர் ஓட்டிப் பாக்கணும்." கீழே கடையிலிருந்து ஆட்டோவில் வந்து காத்திருந்த என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார், முதலாளி பக்கத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்க்கவில்லை.

முதல் ஐம்பது எட்டு வண்டி சத்தமில்லாமல் வந்தது. மதகு தாண்டி வளைவில் திரும்பியதும் முன் சக்கரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்றின. பாசி தெறித்தது. ரப்பர் கருகுகிற நாற்றம். திறந்திருந்த ஜன்னல் வழியாக முதலாளி குரல் கேட்டது. "ஆ, அந்தா மின்னுது! கடிக்குது! அழுத்துங்க!" அழுத்தியதும் வண்டி முன்னால் வராமல் பின்னால் இரண்டடி வழுக்கியது. இவர் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். இன்னொரு தடவை முயன்றார். இன்னும் ஒரு அடி கீழே போனது.

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து என் கணவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "சரி, பசாரிலயே வீடு பாப்பம்" என்றார். அவ்வளவு நாளும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. நான் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். ஆனால் அவர் சொல்லிக் கேட்டபோது நான் மேலே எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தேன்.

டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். முதலாளிக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"டீச்சர், இந்த வண்டி மூஞ்சியால ஏறாது. முதுகாலதான் ஏறும்."

"என்ன சொல்றீங்க?"

"முன்னால ரெண்டு சக்கரந்தான் இழுக்குது. ஏத்தத்துல பாரமெல்லாம் பின்னுக்குப் போயிரும், முன்னால பிடிக்காது. திருப்பி ரிவர்ஸ்ல ஏத்தினா இழுக்குற சக்கரம் கீழ வந்துரும், பாரம் அது மேலயே ஒக்காந்துரும். நாலு வருஷமா அப்படித்தான் ஏத்துறேன்."

"முதலாளிக்குத் தெரியாதா? ரிவர்ஸ்ல ஏறுறது தெரியுமே!"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "வாங்கின முதல் வாரமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவர் ஊரெல்லாம் ஃபோர் வீல்னு சொல்லிட்டாரு. எப்படிச் சொல்றது? வண்டி வீதியப் பாத்து நின்னாத்தான் அதிர்ஷ்டம்னு சொன்னேன். அந்த மாசமே ரெண்டு நல்ல கல்லு கெடைச்சிருச்சு. அதுக்கப்புறம் நான் நேரா ஏத்துறேன்னு சொன்னாலும் அவர் விட மாட்டாரு. மெதுவா பேசுங்க டீச்சர், என் வேல போயிரும்."

நான் நின்ற இடத்திலேயே கொப்பியின் முதல் பக்கத்தை மனதில் புரட்டினேன். ஒரு நாளும் சறுக்கியதில்லை என்று முதலாளி சொன்னது உண்மை. ஃபோர் வீல் என்று அவர் சொன்னது உண்மையில்லை, ஆனால் நம்பிச் சொன்னதால் பொய்யும் இல்லை. டொக்டர் சொன்னதும் உண்மை. எந்த நிரலில் எதைத் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. போய் இவர் காதில் சொன்னேன். இவர் வண்டியைக் கீழே இறக்கி, தாரில் திருப்பி, ரிவர்ஸ் போட்டார்.

முன்னால் ஒரு சின்னத் திரை எரிந்தது. பின் கெமரா. எங்கள் ஏற்றம், இரண்டு பட்டி, மதகு, எல்லாம் அதில் தெரிந்தன என்று பிறகு சொன்னார். மேலே மஞ்சளும் சிவப்பும் கோடுகள். அவருக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை. வண்டி மதகைத் தாண்டியது, வளைவில் திரும்பியது, ஒரு தடவை மட்டும் லேசாக அசைந்தது, பிறகு நேரே போய் எங்கள் முற்றத்தில் நின்றது. வீதியைப் பார்த்தபடி.

நானும் டிரைவரும் ஏறி வந்து சேர்ந்தபோது முதலாளி சந்தோஷமாக இறங்கினார். "பாத்தீங்களா, அதிர்ஷ்டத்துக்கு நம்ம ஆள் செய்ற மாதிரியே செஞ்சீங்க. ஆனா நேரா ஏன் ஏறல்ல?"

டிரைவர் மரத்தைப் பார்த்தார். என் கணவர் சொன்னார், "என் கால் சரியில்ல முதலாளி. அழுத்துற கணக்கு பிழைச்சிருச்சு. டயர் நாலையும் புதுசா மாத்திக் குடுங்க, நான் எடுத்துக்கிறேன்."

"ஹரி, ஹரி, சரி! டயர் என் கணக்கு."

அவர்கள் போன பிறகு நான் கேட்டேன். "ரெண்டு சக்கர வண்டிய நாலு சக்கர வெலைக்கு வாங்குறீங்க. தெரிஞ்சுகிட்டே. சொல்லியிருந்தா கொறைச்சிருப்பாருல்ல?"

"சொல்லியிருந்தா அந்த டிரைவருக்கு வேல போயிருக்கும்" என்றார். "எனக்கு நாலு சக்கரமா வேணும்? வீடுதானே வேணும்." அது சரியா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. பெறுமதி நிரலில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

இப்போது மாலை ஆறே காலுக்குக் கீழே ஹோர்ன் கேட்கும். நான் வளைவு வரை இறங்கி நிற்பேன். வண்டியின் முதுகு முதலில் வரும். "கெமராக் கோட்டுக்கு நடுவுல நிக்கிறியே டீச்சர், ஒதுங்கு" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவார். கீழ்வீட்டுப் பிள்ளைகள் அவருக்குப் 'பின்கதவு முதலாளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் லைட்டுக்கு என்ன அர்த்தம் என்று கடைசியில் ஒரு கராஜ்காரர் சொன்னார். சக்கரம் வழுக்குகிறது என்று அர்த்தமாம். டொக்டருக்கு அதைச் சொன்னேன். நம்பவில்லை.

போன வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். பெல்மதுளையில் அதே வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாராம். வைத்திருப்பவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறாராம். கையில் ஒரு சின்னக் கொப்பி.

"டீச்சர், பிடிப்பு எப்படி? ஏறுமா?"

"ஏறும்."

"மழைக்கும்?"

"மழைக்கும் ஏறும். ஆனா..." அதற்கு மேல் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். முன் சக்கரமா, புது டயரா, அதிர்ஷ்டமா? எதைச் சொன்னாலும் அடுத்த கேள்விக்கு அது பொருந்தாது.

"ஃபோர் வீல்தானே டீச்சர்? ஃபுல் ஒப்ஷன்தானே?"

கல்லாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் பேனையை எழுதத் தயாராக வைத்திருந்தார்.

"எங்க வீட்டு வாசலுக்கு வருது" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.