கழுவிக் கட்டிய கோழி

கோழியைக் குளிப்பாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை வருவதில்லை.

கடல் வந்து கல்முனைக் கரையை அள்ளிக்கொண்டு போன பிறகு என் கூடப்பிறந்த மூத்த ராத்தா பிள்ளை குட்டிகளோடு சம்மாந்துறையில் என் வீட்டில் வந்து இருந்தார். யுத்தம் முடிந்த வருஷம்தான் அவர்களுக்கு வேறு வீடு கிடைத்தது. போவதற்கு முதல் நாள் ராத்தாவின் பேத்தி ஒருத்தி எங்கள் வளவுச் சேவலைப் பேசினுக்குள் இருத்தி, நுரை பொங்கப் பொங்கச் சம்பு போட்டுக்கொண்டிருந்தாள். நான் படலைக்குப் போய் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தேன்.

"ஆர் புள்ள வாறாங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் வரல்ல. சும்மாதான் கழுவுறன்" என்றாள்.

சும்மா என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். பக்கத்தில் இருந்த ராத்தா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கோழிதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. கடற்கரைப் பக்கம் உம்மாவின் வீட்டில் நாங்கள் ஐந்து பேரும் பெண்கள், நான் நாலாவது. என்னிடம் ஒரு வெள்ளைப் பேட்டுக் கோழி இருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் வீட்டில் எல்லாரும் தலைமுழுகுவார்கள். கோழியை மட்டும் விடுவது நியாயமில்லை என்று அதையும் நான் குளிப்பாட்டுவேன். கழுத்து வரைக்கும்தான் தண்ணீரில் அமிழ்த்துவது, தலையில் ஊற்றக்கூடாது. காலில் அப்பிய அழுக்கைத் தேங்காய்த் தும்பால் தேய்ப்பேன். வாப்பாவின் பழைய சாரன் துண்டால் துவட்டி வெயிலில் இருத்தி, செட்டைக்கு அடியில் பேன் இருக்கிறதா என்று விரித்துப் பார்ப்பேன். ஒருநாள் பாக்குவெட்டியால் அதன் நகத்தை வெட்டப் போய் உம்மாவிடம் அடி வாங்கினேன்.

உம்மாவுக்கு இந்தக் குளிப்பாட்டல் கொஞ்சமும் பிடிக்காது. "தண்ணிய ஊத்தி ஊத்தி அதச் சாகடிச்சிப்போட்டுத்தான் மறுவேல பார்ப்பாய் போல! கோழிக்கு ஆரு கா தலமுழுக்கு வாக்கிற?" என்று குசினிக்குள் இருந்தே சத்தம் போடுவார்.

அப்படிப்பட்ட உம்மா, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு, "கொண்டா கா அந்தக் கோழிய. நான் கழுவித் தாறன்" என்றார்.

வெந்நீர் வைத்திருந்தார். கைக்குழந்தைகளுக்குப் பூசும் வாசனைச் சவுக்காரத்தை எடுத்து வந்திருந்தார். அதை எங்கள் யாரையும் தொட விடுவதில்லை. நுரை போன பிறகும் உம்மா தண்ணீரை வார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் உம்மா கழுவுறீங்க?"

"ஏனெண்டா? அழுக்கா இரிக்கி, கழுவுறன்."

அவர் கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்திருக்கிறார் என்று நினைத்தேன். கறிக்குத்தானே வெங்காயம் உரிப்பது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது.

கழுவி முடித்து, கோழியின் காலில் துணிக் கயிறு போட்டு, அதைப் பலாமரத்தடியில் கட்டினார். இனி எல்லாம் விளங்கிவிட்டது. ஊரெல்லாம் மேய்ந்து கண்டதையும் தின்று திரிகிற கோழியை எங்கள் வீடுகளில் பிடித்த உடனே அறுப்பதில்லை. மூன்று நாள் கட்டிவைத்து, நல்ல தீன் மட்டும் போட்டு, அதற்குப் பிறகுதான் பிஸ்மி சொல்லி அறுப்பார்கள். செவ்வாயிலிருந்து எண்ணினேன். வெள்ளிக்கிழமை. சம்மாந்துறைச் சாச்சி வருகிற நாள்.

சாச்சி உம்மாவின் தங்கச்சி. நல்ல வசதி, வயல்காணி இருந்தது, கல்வீடு இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தரம் தன் மாப்பிள்ளையோடு, எங்கள் சாச்சாவோடு, மாடு பூட்டிய கூட்டுக் கரத்தையில் வருவார். வந்தால் விருந்துதான்.

நான் காவல் இருக்கத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து பலாமரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். வாப்பா கோழி அறுக்கிற கத்தியை எடுத்து நெல்மூட்டைக்குள் கை போகுமட்டும் செருகி வைத்தேன். வாப்பா அதைத் தேடவே இல்லை. தேடாததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. புதுக் கத்தி வாங்கிவிட்டாரோ?

அதைவிட மோசம், எல்லாரும் என்னோடு நல்லவர்களாக மாறிப்போனார்கள். பெருநாள் தவிர வேறு நாளில் உடுப்பே வாங்காத வாப்பா, பூப்போட்ட சட்டைத் துணி கொண்டு வந்தார். எனக்கு மட்டும். தன் சீப்பைத் தொட்டாலே கிள்ளுகிற மூத்த ராத்தா, தன்னுடைய சிவப்பு ரிப்பனை என் பின்னலில் கட்டிவிட்டார். உம்மா பின்னேரம் பின்னேரம் என்னைப் பிடித்து இருத்தி, எண்ணெய் வைத்து, ஈர் உருவி, தலைவாரினார். சாப்பாட்டில் எனக்கு ஒரு முழு முட்டைப் பொரியல். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருத்திக்கு ஒரு முழு முட்டையா?

"கோழிய அறுக்கப் போறீங்க. அதுக்குத்தானே இதெல்லாம்?" என்று ராத்தாவைக் கேட்டேன்.

"உனக்கு விசரா கா? முட்டையத் தின்னு" என்று சொல்லிவிட்டு ராத்தா எழும்பிப் போனார். பாதிச் சோறு அவர் கோப்பையில் கிடந்தது. ராத்தா சோற்றை மிச்சம் வைக்கிற ஆள் இல்லை. இவரும் கூட்டுத்தான் என்று முடிவு பண்ணினேன்.

புதனும் வியாழனும் உம்மா கோழியைத் திரும்பக் கழுவினார். ஒரு கோழிக்கு எத்தனை தரம்தான் அழுக்குப் படும்?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆம்பிளைகள் வந்தார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, அவர்கள் சுற்றி இருந்து சாப்பிடும் சகன் தட்டைப் பார்த்தேன். மீன் இருந்தது, மாட்டிறைச்சி இருந்தது, சாச்சி கொண்டுவந்த எருமைத் தயிர் இருந்தது. கோழி இல்லை. நெஞ்சு கொஞ்சம் ஆறியது. அந்த நேரம் பார்த்துச் சாச்சி உம்மாவைக் கேட்டார்:

"எங்க ராத்தா அந்தக் கோழி? ஓலக் கடகத்துல போட்டுக் கட்டிருவமா? வெயில் சாய முன்ன போகோணும்."

"ஓம், கழுவித்தான் கட்டி இரிக்கி" என்றார் உம்மா.

அப்போ இங்கே அறுக்கிற திட்டம் இல்லை. கொண்டுபோய்த் தங்கள் வீட்டில் வைத்து அறுக்கப்போகிறார்கள்!

நான் ஆள் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொல்லவே மூன்று தரம் கேட்க வேண்டும். அன்றைக்குச் சீலையைத் தள்ளிக்கொண்டு நடு வீட்டுக்கு வந்தேன்.

"கோழி போனா நானும் போவன்!"

வாப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. உம்மா கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பாயில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். சாச்சி என்னைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! கேட்டீங்களா மச்சான்? புள்ளையே வாயால சொல்லிட்டு."

"புள்ளைக்கு என்னம்மா தெரியும்" என்றார் வாப்பா. அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை.

நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு சத்தம் போட்டதற்கு இவ்வளவு பெரிய ஆட்களெல்லாம் அடங்கிப் போனார்களே! என் உடுப்புகள் ஒரு தகரப் பெட்டிக்குள் மடித்தபடி வந்தன. மேலே அந்தப் பூப்போட்ட சட்டை, தைத்து முடித்து. இவ்வளவு கெதியாக எப்படித் தைத்தார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. கோழி கடகத்துக்குள் கத்தியதும் அதை மறந்துவிட்டேன்.

கரத்தையில் ஏறி இருந்து, "எப்ப உம்மா திரும்பி வாற?" என்று கேட்டேன்.

உம்மா கடகத்துக்குள் கையை விட்டுக் கோழியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். என்னைத் தடவவில்லை. "கோழி முட்ட வச்சிக் குஞ்சு பொரிக்கட்டும். மறுகா வரலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கலியாணத்துக்கு ஒரு வீடு கொடுக்க வேண்டும். வாப்பாவுக்கு இருந்தது ஒரு வீடு, ஐந்து பெண்கள். சாச்சிக்கு வீடு இருந்தது, கொடுக்கப் பெண் இல்லை. இதெல்லாம் எனக்கு எப்போதோ விளங்கிவிட்டது. விளங்காமல் கிடந்தது அந்த மூன்று நாள்தான். சேவலுக்குச் சம்பு போட்ட அன்றைக்கு நான் ராத்தாவிடம் கேட்டே விட்டேன். கோழியை ஏன் அப்படிக் கழுவினார் உம்மா?

"உன்னட்டச் சொல்லத்தான் கா மூணு நாளாப் பார்த்தா. வாய் வரல்ல. கோழியப் புடிச்சிப் புடிச்சிக் கழுவினா" என்றார் ராத்தா. "அது கூட வந்தா நீ அழமாட்டாய் எண்டு சொன்னா."

உண்மைதான். நான் அழவில்லை. சம்மாந்துறையில் கோழி பன்னிரண்டு முட்டை வைத்து அடைக்கு இருந்தது. இருபத்தொரு நாளும் விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். ஒன்பது குஞ்சு வந்தது. அன்றைக்கே பின்னலை நானே பின்னி, ரிப்பனையும் கட்டிக்கொண்டு சாச்சியிடம் போனேன்.

"குஞ்சு பொரிச்சிட்டு சாச்சி. கரத்தையப் பூட்டச் சொல்லுங்க. வீட்ட போவம்."

சாச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார்.

"இந்தப் பச்சக் குஞ்சுகளக் கரத்தையில ஏத்தேலாது கா, செத்துப் போகும்" என்றார். "குஞ்சுகள இஞ்ச விட்டுட்டுத் தாய மட்டும் கொண்டுபோனா, அது அங்க இரிக்குமா, சொல்லு பாப்பம்?"

நான் யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

"இரிக்காதுதான் சாச்சி. குஞ்ச விட்டுட்டு எந்தத் தாய் இரிக்கும்?" என்றேன்.

சாச்சியின் முகம் ஏன் அப்படி வாடிப்போனது என்று எனக்கு விளங்கவில்லை. குஞ்சுகளுக்குக் குறுணல் அள்ளக் குசினிக்குள் ஓடிவிட்டேன்.