அப்பா தொட்டுப் பார்த்து வாங்கிய கார்

எங்கள் வீட்டில் கார் வாங்கப் போகிறோம் என்று வகுப்பில் சொன்னபோது, என்ன கலர் என்று கேட்டார்கள். சிவப்பு என்று சொல்லிவிட்டேன். அதுவரை நாங்கள் எந்தக் காரையும் போய்ப் பார்த்திருக்கவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் உடனே பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்குச் சங்கரன்கோவிலில் ஒரு நூல் கடையில் சரக்கு பார்க்கிற வேலை. நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டியே அது எத்தனாம் நம்பர் என்று சொல்லிவிடுவார். விசைத்தறிக்காரர்கள் அதற்காகவே அவரைத் தேடி வருவார்கள். அம்மா திருவேங்கடத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் டீச்சர். காலையில் அம்மாவை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்பா கடைக்குத் திரும்புவார், சாயங்காலம் மறுபடி போய்க் கூட்டி வருவார்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வண்டி ரோட்டோரத்து ஜல்லிக் குவியலில் ஏறிச் சரிந்தது. அம்மாவுக்கு முழங்கையில் கட்டு, அப்பாவின் வேட்டி முழுக்கக் கரிசல் மண். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார்கள். அதன் பிறகு இருவரும் சில தடவை மதுரைக்குப் போய் வந்தார்கள். அம்மாவின் கையைக் காட்டத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அப்பா மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. அம்மா பஸ்ஸில் போனாள். பஸ் வந்தால் நிற்க இடமிருக்காது, பல நாள் பஸ்ஸே வராது. பிரேயர் முடிந்தபின் பிள்ளைகளுக்கு முன்னால் தலைகுனிந்து உள்ளே போவது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு நாள் அடுப்படியில் சொல்லி அழுதாள். அப்பா சாப்பாட்டில் கை வைத்தபடியே, "வேலைய விடுத பேச்சே வேண்டாம். ஒரு பழைய கார் வாங்குவோம்" என்றார். புதுக் காருக்கு வழியில்லை என்பது எனக்கே தெரியும்.

கார் பார்க்க மாமா வந்தார். அம்மாவின் தம்பி, வாசுதேவநல்லூரில் வாடகை வேன் ஓட்டுகிறவர். டயர் உள்ள எதைப் பற்றியும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு, ராஜபாளையம் ரோட்டில் பழைய கார்கள் விற்கிற இடம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்.

அங்கே நான் சொன்ன சிவப்புக் கார் எனக்காகவே நின்றுகொண்டிருந்தது. வெயிலில் அதைப் பார்க்கவே கண் கூசியது. உள்ளே பாட்டுப் பெட்டி வேறு. மாமா சாவியை வாங்கி உறுமவிட்டுப் பார்த்து, "அத்தான், கண்ண மூடிட்டு எடுக்கலாம்" என்றார்.

விற்பவர், "ஒரே கை ஓட்டுன வண்டி அண்ணாச்சி. ஒரு கீறல் கிடையாது" என்றார்.

அப்பா காருக்குப் பக்கத்தில் போனார். முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே கையை எடுக்காமல் காரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். அவருடைய கண் காரைப் பார்க்கவே இல்லை. யாரோ காதுக்குள் ரகசியம் சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்திருந்தார்.

மாமாவுக்கு மானம் போயிற்று. "இது என்ன பசுமாடா அத்தான், தடவிக் கொடுக்கிய?" என்று முணுமுணுத்தார்.

இடதுபக்கப் பின்கதவில் அப்பாவின் கை நின்றது. கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி அதே இடத்துக்குப் போயிற்று. நகத்தால் தட்டினார். பலகையில் தட்டிய மாதிரி ஒரு சத்தம். பிறகு மேற்கூரையைத் தட்டினார். அது தகரமாகக் கணீரென்று ஒலித்தது.

"இங்கன பட்டி பூசி நெளிவ மறைச்சிருக்கு. கதவுல மட்டும் இல்ல, கீழ வரைக்கும் போகுது. வண்டி உருண்டுச்சா?"

விற்பவர் மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உருளல்லாம் இல்ல அண்ணாச்சி. லேசா படுத்துச்சு."

மாமா மண்டிபோட்டு மூக்கு உரசும் தூரத்தில் கதவைப் பார்த்தார். "ஏயப்பா, எனக்கு இவ்வளவு பக்கத்துல வந்தும் தெரியலயே!" என்றார். அடுத்த காரைப் பார்க்க வந்திருந்த ஒருவர் ஓடிவந்து, "அண்ணாச்சி, அந்த வண்டியையும் ஒரு தடவ தொட்டுச் சொல்லிட்டுப் போங்களேன்" என்று கேட்டார். அப்பா போய்த் தொட்டுச் சொல்லிவிட்டு வந்தார். சிவப்புக் கார் கைவிட்டுப் போன துக்கம் அந்த இடத்திலேயே போய்விட்டது. எத்தனையோ பேர் வீட்டில் கார் இருக்கலாம். தொட்டாலே காரைப் பற்றிச் சொல்லிவிடுகிற அப்பா வேறு யாருக்கு இருக்கிறார்?

இன்னும் இரண்டு மூன்று கார்களை அப்பா வேண்டாம் என்றார். ஒன்றில் கதவு சாத்துகிற சத்தம் சரியில்லை, இன்னொன்றில் இன்ஜின் மூச்சு வாங்கியது. கடைசியில் இளையரசனேந்தல் பக்கம் ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். மகனோடு போய் இருக்கப் போவதால் காரை விற்கிறார். அது என்ன கலர் என்று கேட்டதற்கு டாக்டர் சாம்பல் என்றார், அவர் மனைவி நீலம் என்றார். உள்ளே மருந்து வாடையோடு ஆட்டு வாடையும் சேர்ந்து அடித்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா அதையும் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். "நெளிவு நெறைய இருக்கு. ஆனா எதையும் மறைக்கல" என்றார். இன்ஜினை ஓடவிட்டு வெகுநேரம் பக்கத்திலேயே நின்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"நீ ஏறி உக்காரு."

"பின்னாலயா?"

"ஸ்டியரிங் பக்கம்."

"நான் எதுக்கு?"

"ஓட்டப்போறவதான உக்காந்து பாக்கணும்!"

என் கனவில் ஓட்டியது அப்பாதான். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். மாமா சிரித்துவிட்டார். "விளையாடுதியளா அத்தான்? அக்காவுக்கு சைக்கிளே பயம்."

"தினமும் இந்த ரோட்டுல போறது அவதான. நான் சும்மா கூட வாரேன்" என்றார் அப்பா.

அம்மா ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைத் தொடாமல் மடியில் கை வைத்து அப்படியே இருந்தாள். டாக்டருக்கே பாவமாகிவிட்டது. "பழகுத அம்மாவுக்கு நல்ல வண்டியாப் பாருங்க சார். இது கிழடு" என்றார்.

"பழகுதவளுக்கு இதுதான் சார் நல்லது. புதுசுன்னா ஒரு கீறல் விழுந்தாலே பயந்து நிப்பாட்டிருவா. இதுல இன்னொரு நெளிவு விழுந்தா யாருக்குத் தெரியும்? ரிப்பேர்னாலும் எங்க ஊர்ல எந்த ஒர்க்‌ஷாப்லயும் பாத்துருவாங்க."

அம்மா மெதுவாகக் காலை நீட்டிக் கிளச்சை மிதித்தாள். "கால் எட்டுது" என்றாள்.

அப்பா டாக்டரிடம் திரும்பி, வாங்கிக்கொள்கிறோம் என்றார்.

கோடையில் வற்றிக் கிடந்த குளத்துக்குள் அம்மா பழகினாள். முதலில் மாமா சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தார் என்பதைவிடக் கத்தினார் என்பது சரி. ஒரு நாள் நடுக்குளத்தில் காரை நிறுத்தி, "ஏலே, நீ எறங்கு" என்றாள் அம்மா. மாமா கருவேல மரத்தடிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். அப்பா ஏறி உட்கார்ந்தார். அவர் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கார் குலுங்கி நின்றபோதெல்லாம் மடியில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான். சில வாரங்களில் கார் ஒழுங்காக வட்டம் சுற்றியது. வீட்டு கேட்டில் இடித்து ஒரு நெளிவும் விழுந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்து, "இது நம்ம நெளிவு" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அம்மா தானே காரை ஓட்டிக்கொண்டு போனாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போய்விட்டு, திருவேங்கடம் பஸ்ஸில் கடைக்குத் திரும்பினார். அந்தக் கிராமத்தில் காரை ஓட்டிக்கொண்டு வந்த முதல் டீச்சர் அம்மாதான். பிள்ளைகள் காருக்குப் பின்னாலேயே ஓடி வந்ததாகவும், அன்றைக்குப் பிரேயருக்கு முன்னாலேயே போய்விட்டதாகவும் அம்மா எங்களிடம் சொன்னாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் தெரு டீக்கடையில்தான் சும்மா இருக்கவில்லை. "என்ன வே, டீச்சர் டிரைவராயிட்டாங்க, நீரு ஓனரா?" என்று கேட்டார்கள். "ஆமா வே, நமக்கு அந்த யோகம் இருக்கு" என்று அப்பா சிரித்தார். வகுப்பில் ஒருத்தி, "ஒங்க அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாதாமே?" என்றாள். "எங்க அப்பா முதலாளி. முதலாளி எங்கயாச்சும் ஓட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

அப்பாவின் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, அதைத் திருப்ப முடியாது என்று மதுரையில் டாக்டர் சொன்னதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அன்று நாயும் குறுக்கே வரவில்லை. ஜல்லிக் குவியல் அவருக்குத் தெரியவில்லை. தூரத்தில் இருப்பவைதான் முதலில் கரைந்து போயின. முழுக்கப் போவதற்குள் அம்மாவின் கையில் ஒரு வண்டி இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய அவசரம். பக்கத்தில் இருப்பது ஓரளவு தெரிந்ததாலும், மீதியை விரல் பார்த்துக்கொண்டதாலும், ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான்.

கார் வாங்கிய அந்த ஆண்டு மழை தொடங்கியபோது, மாமா வீட்டுக் காதுகுத்துக்கு வாசுதேவநல்லூர் போனோம். அம்மா ஓட்ட முதல் தடவையாக வெளியூர் போகிறோம். வயலெல்லாம் நடவு முடிந்திருந்தது. ஊர் நெருங்கும்போது அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, "மக்கா, மலை தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது."

"என்ன கலர்ல இருக்கு?"

"நீலம். கீழ பச்சை."

"மேல மேகம் இருக்கா?"

"பாதி மலைய மூடியிருக்கு. எடது பக்கம் ஒரு எடத்துல தண்ணி விழுது. வெள்ளக் கோடு மாதிரி."

"குளத்துல?"

"கொக்கு நிக்குது. நெறைய. ஒண்ணு பறக்குது. பறந்து போயிட்டு."

அம்மா காரை மெதுவாக்கினாள். பின்னால் வந்த பஸ் ஒலி எழுப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. ஏன் இப்படி உருட்டுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். பாறையில் இருந்த பிளவு, தென்னைக்குப் பின்னால் தெரிந்த கோபுரம், வரப்பில் குடை பிடித்து நடந்த ஒருவர். "நூத்துக்கு நூறு மக்கா" என்று கையைப் பின்னால் நீட்டி என் தலையைத் தொட்டார். காதுகுத்து வீட்டில் இறங்கியதும் மாமாவிடம் ஓடி, அப்பா வைத்த பரீட்சையில் நான் நூறு வாங்கியதைச் சொன்னேன்.

டீச்சர் மகள் இல்லையா? கேள்வி கேட்கிறவருக்கு விடை தெரிந்திருக்கும் என்றுதான் அன்று நான் நம்பியிருந்தேன்.